மருதையின் ஐந்து நிமிஷம்

“கண்ணைக் கட்டிக்கிட்டே நாலு கன்ட்ரோலரையும் இந்த ஒரே திரையில பேச வைக்கிறேன். அஞ்சே நிமிஷம்!” என்றார் லால்குடி அரிசி ஆலையின் எலெக்ட்ரீஷியன் மருதை.

எஞ்சினியர் மாதவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மூன்று நாளாகத் தூக்கத்தில்கூட கேபிள் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். நெல் அவிப்பது முதல் அரிசி தீட்டுவது வரை நாலு மெஷினுக்கும் ஆளுக்கொரு கன்ட்ரோலர்; நாலும் திரையில் முண்டியடித்து மறைந்தன. பதினோரு மணிக்குள் சரியாகாவிட்டால் முதலாளியம்மா வேறு ஆளைப் பிடித்துவிடுவார்.

“விளையாடாதீங்கண்ணே, மணி பத்தே முக்கால்!”

மருதை துண்டால் கண்ணைக் கட்டினார். மாதவனைக் கரண்ட்டை அணைக்கச் சொல்லி, ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் இருந்த குட்டி ஸ்விட்சுகளைத் தடவித் தள்ளினார். கரண்ட் வந்ததும் நாலும் திரையில் வரிசையாக நின்றன.

“எப்படிண்ணே?”

“அந்த ஸ்விட்சுலதான் மெஷினோட நம்பர் வைக்கிறது. நாலுக்கும் ஒண்ணாம் நம்பர் இருந்துச்சு, அதான் ஒண்ணை ஒண்ணு முட்டுச்சு. தனித்தனியா மாத்திட்டேன்.”

“எந்த மடையன் அப்படி வச்சான்?”

“நான்தான். நாலு ஆபரேட்டரும் ‘என் மெஷினுக்குத்தான் ஒண்ணாம் நம்பர்’னு சண்டை போட்டானுங்க. ஆளுக்கு ஒண்ணு கொடுத்துட்டேன்!”

அதற்குள் முதலாளியம்மா பொன்னுத்தாய் வந்துவிட, மருதை ஓடிப்போய்த் தன் சாதனையை வாசலிலேயே அளந்தார். பொன்னுத்தாய் மாதவனைப் பார்த்தார்.

“கண்ணைக் கட்டிக்கிட்டாமே? நம்புற மாதிரியா இருக்கு?”

மாதவன் பல்லைக் கடித்தான். “நிஜந்தாம்மா. நானே பார்த்தேன்.”