ஜன்னல் இல்லாத அறை

"இந்த உள் அறையில லைட்டை அணைச்சா எவ்வளவு இருட்டா இருக்கும்?"

கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுக்க வருகிறவர்கள் சாப்பாடு எப்படி, நீச்சல்குளம் உண்டா என்றுதான் கேட்பார்கள். இருட்டைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர்.

கவுன்டரில் இருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த அலுவலகத்தில் அவளுக்கு வக்கீலம்மா என்று பெயர். யாருக்கு அநியாயம் நடந்தாலும் கேட்காமல் விடமாட்டாள் என்பதால் வந்த பட்டம். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"கும்மிருட்டா இருக்கும் சார். கப்பலுக்கு நடுவுல இருக்கற அறை. நாலு பக்கமும் சுவர்."

"பகல்லயும்?"

"மத்தியானம் பன்னெண்டு மணிக்கும்."

"கதவு இடுக்குல வெளிச்சம் வந்துடாதே?"

"என்ன சார், உள்ள உட்கார்ந்து ஃபோட்டோ கழுவப் போறீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே படிவத்தை நீட்டினார். பள்ளி வேன் ஓட்டுநர். அவரும் மனைவியும், ஐந்து நாள் பயணம்.

"உங்களுக்கு அதிர்ஷ்டம் சார். இந்த மாசம் ஒரே ஒரு ஜோடிக்கு உள் அறைக் கட்டணத்துலயே கடல் பார்த்த அறை கொடுக்கலாம்னு சொல்லியிருக்காங்க. பெரிய ஜன்னல். படுத்துக்கிட்டே கடலைப் பார்க்கலாம்."

"வேண்டாம்மா."

"ஒரு பைசா அதிகம் கிடையாது சார்."

"புரியுது. உள் அறையே போடுங்க. என் வீட்டுக்காரிக்கு அதுதான் வேணும்."

"அவங்களே சொன்னாங்களா?"

"அவ சொல்லித்தானே வந்திருக்கேன்."

அவர் படியிறங்கியதும், பக்கத்து மேஜையில் விசா பார்க்கிறவர் நாற்காலியைத் திருப்பினார்.

"சும்மா கொடுத்தாலும் வேண்டாங்கற மனுஷனை இன்னிக்குத்தான் பார்க்கறேன். அந்த இருட்டுல அப்படி என்னதான் இருக்கு?"

"அந்தம்மாவை அடைச்சு வைக்கப் போறாரு, வேறென்ன? எங்கப்பாவும் இப்படித்தான். 'உங்கம்மாவுக்கு வெளியில வர்றதே பிடிக்காது'ன்னு ஊரெல்லாம் சொல்லுவாரு. அம்மாகிட்ட கேட்டவங்க யாரு?"

"அதுக்கு நீ என்ன பண்ண முடியும்?"

"இந்த ஆம்பளைங்க ராஜ்யம் வீட்டோட நிக்கட்டும். கப்பல் வரைக்கும் வேண்டாம்."

விசாக்காரர் தடுப்பதற்குள் அவள் கணினியில் மாற்றிவிட்டாள். உள் அறை போய்க் கடல் பார்த்த அறை வந்தது. அந்த வாரமே கப்பலில் உள் அறைகள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன.

இரண்டு வாரம் கழித்து டிக்கெட் வாங்கக் கணவன் மனைவி இருவருமே வந்தார்கள். காலை பதினொரு மணி. கண்ணாடிக் கதவு வழியாக விழுந்த வெயிலுக்கு நெற்றியில் கையை வைத்து மறைத்தபடி அந்த அம்மாள் உட்கார்ந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

பாவம், வெளிச்சத்தையே பார்த்ததில்லை போலிருக்கிறது என்று வக்கீலம்மா உருகிப்போனாள்.

"அம்மா, உங்களுக்கு ஒரு நல்ல சேதி. சாருக்குத் தெரியாம நானே மாத்திட்டேன். உங்களுக்குக் கடல் பார்த்த அறை! விடிஞ்சதும் அறை முழுக்க வெயில்தான்!"

அந்த அம்மாள் கணவரைப் பார்த்தார். கணவர் டிக்கெட்டைப் பார்த்தார்.

"பயப்படாம சொல்லுங்கம்மா. உங்களுக்கு எந்த அறை வேணும்?"

"உள் அறைதான்."

"அவர் பக்கத்துல இருக்காரேன்னு சொல்லாதீங்க."

"அவர் இருந்தா எனக்கென்ன பயம்? வீட்டுல அவர்தான் எனக்குப் பயப்படறாரு, கேட்டுப் பாரு." சிரிக்கப் போனவருக்குக் கொட்டாவி வந்தது. "ஆஸ்பத்திரியில நர்ஸும்மா நான். இருபத்தொன்பது வருஷமும் நைட் டியூட்டி. போன மாசம்தான் ஓய்வு கொடுத்தாங்க. இந்த உடம்புக்கு அது இன்னும் தெரியல. ராத்திரி முழுக்கக் கொட்டக் கொட்ட முழிச்சிருக்கேன். விடிஞ்சாதான் கண்ணு சொக்குது. ஒரு துளி வெளிச்சம் பட்டாலும் அதுவும் போச்சு."

வக்கீலம்மா கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ராத்திரி மேல்தளத்துல உட்கார்ந்து ஆசை தீரக் கடலைப் பார்க்கணும், பகல்ல இருட்டு அறையில அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கணும். அதுக்காகத்தாம்மா இந்தப் பயணமே. பழைய அறையையே போட்டுக் கொடுத்துடு."

வக்கீலம்மா கணினியில் தேடினாள். இன்னொரு தரம் தேடினாள். கப்பல் கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். காதில் வைத்த ஃபோனை மெல்லக் கீழே வைத்தாள்.

"ஒண்ணுகூட மிச்சமில்லம்மா... கனமான திரை இருக்கும். இழுத்து விட்டுக்கலாம்..."

"திரைக்கு ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் வரும்மா. எத்தனை வருஷம் பார்த்திருக்கேன்." அந்த அம்மாளின் குரல் இறங்கிவிட்டது.

"சார், விவரத்தை அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே?"

"அவளுக்கு வேணும்னு சொன்னேனேம்மா. அதுக்கு மேல ஒரு விவரம் வேணும்னு எனக்குத் தெரியல."

அவர் குரலில் கோபமே இல்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். டிக்கெட் உறையைத் திருப்பி மேஜைமேல் வைத்துக்கொண்டார்.

"அந்த ஜன்னல் எத்தனை அடி உயரம், எத்தனை அடி அகலம்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. இருபத்தொன்பது வருஷமா எங்க வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கறுப்பு அட்டை வெட்டி ஒட்டறது நான்தான்; இதுக்கும் ஒண்ணு வெட்டிட்டாப் போச்சு."