ஒன்பதாம் அறைக் கதவு

"பிள்ளைங்களா, கதவைத் திறங்க. கேன்டீன் மார்ஜி வந்திருக்கேன். அவன் என் பின்னாலயே வர்றான்."

குரலை மெலிதாக்கிக் கெஞ்சியது மார்ஜி அல்ல, டேக்கெட். ஆறடி உயரம், கனத்த பூட்ஸ், இடுப்பில் வாக்கி டாக்கி. துப்பாக்கியோடு எவனாவது புகுந்தால் என்ன செய்வது என்று ஒஹையோவில் பள்ளி பள்ளியாகப் போய் ஒத்திகை நடத்துவது அவர் வேலை. விளக்கை அணை, கதவைப் பூட்டு, மூலையில் ஒண்டு, யார் கூப்பிட்டாலும் திறக்காதே. அவ்வளவுதான் பாடம். போகிற இடமெல்லாம் முகத்துக்கு நேரே கதவு சாத்துவார்கள். சாத்தினால்தான் நல்ல மார்க்.

எட்டாம் அறை திறக்கவில்லை.

தலைமையாசிரியை டார்லீன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "மார்ஜி காதுல விழுந்தா இன்னிக்கு உங்களுக்கு மதியச் சாப்பாடு கிடையாது சார்."

டேக்கெட் சிரிக்கவில்லை. இவ்வளவு தூரத்துப் பள்ளியைத் தானே கேட்டு வாங்கி வந்திருந்தார்.

"அடுத்தது ஒன்பது. அதை நினைச்சாத்தான் எனக்குக் கவலை," என்றார் டார்லீன். "போன தடவை வந்தவரு, பீட்சா வந்திருக்குன்னாரு. உடனே திறந்து விட்டுட்டாங்க. பெத்தவங்க என்னை உண்டு இல்லைன்னு பண்ணிட்டாங்க. இன்னிக்கும் திறந்தா அந்த டீச்சருக்கு வேலை போயிடும்."

"திறக்க மாட்டாங்க."

சொன்னவர் உடனே தட்டவில்லை. கதவு முழுக்கக் காகிதப் பூசணிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர். ஒரு பூசணியின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். அந்த நீளக் காரிடாரில் அவர்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை.

மெல்லத் தட்டினார்.

"டெஸி, அப்பா வந்திருக்கேன்டா."

உள்ளே சத்தமில்லை.

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன் கண்ணு. அப்பா முன்ன மாதிரி இல்ல. ஒரே ஒரு தடவை திற. மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்."

குரல் தழுதழுத்தது. கைப்பிடியை ஆட்டிப் பார்த்தார். கதவு அசையவில்லை. பிடித்த கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றார்.

டார்லீனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "போதும் சார், பாஸ் பண்ணிட்டாங்க. எனக்கே திறந்து விட்டுடலாம்னு தோணுச்சு. நடிச்சா இப்படி நடிக்கணும். ஆனா வேற பேரைக் கூப்பிட்டிருக்கலாம்."

"ஏன்?"

"கதவுல ஒட்டியிருந்த பேர்ல ஒண்ணச் சொல்லிட்டீங்க, உங்க தப்பில்ல. டெஸிக்கு அப்பா கிடையாது. இங்க வந்து சேர்றதுக்கு முன்னாடியே லாரி ஆக்சிடென்ட்ல போயிட்டாராம். அவளேதான் சொன்னா. கிளாஸே அழுதுச்சு."

டேக்கெட் கைப்பிடியை விட்டார். "தெரியாம போச்சு மேடம்."

ஒத்திகை முடிந்ததென்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கதவுகள் திறந்தன. பிள்ளைகள் சளசளவென்று பேசிக்கொண்டு வரிசையாகச் சாப்பிடக் கிளம்பினார்கள். கடைசியாகத் தனியே வந்த சிறுமியை டார்லீன் நிறுத்தினார்.

"டெஸி, பயந்துட்டியாம்மா? இந்த சார் சும்மா பரீட்சைக்குக் கூப்பிட்டாரு. ஆமா, எப்படிடா மூச்சுக்கூட விடாம இருந்தே?"

டெஸி டேக்கெட்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"பழக்கம்தான் மேம். அப்பா கதவை உதைக்கிறப்போ அம்மாவும் நானும் அலமாரிக்குள்ள இப்படித்தான் உக்காந்திருப்போம்."

சொல்லிவிட்டு வரிசையோடு சேர்ந்துகொள்ள ஓடினாள். டேக்கெட் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார். மகள் காரிடார் முனையில் திரும்பி மறையும்வரை அவர் தலை நிமிரவில்லை.