தூண்டிவிட்டது யார்?

வேலை நேரத்தில் மயங்கி விழுந்த தையல்காரியை மேலாளர் வேலையை விட்டே அனுப்பிவிட்டார். மறுநாள் காலை எல்லாப் பெண்களும் தொழிற்சாலை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மேலாளர் அசரவில்லை. கல்லூரியில் கால்பந்து கேப்டன், மாணவர் தலைவர். கூட்டத்தைச் சமாளிக்கத் தெரிந்தவர்.

“ஒருத்திக்காக எல்லாரும் பொழப்பைக் கெடுத்துக்கறீங்களேம்மா!”

“கூட ஆடறவ விழுந்தா, அவளைத் தூக்கிவிடாம பந்தைத் தொடக்கூடாது சார்” என்றாள் முன்னால் இருந்தவள்.

“இந்த வசனமெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?”

“நீங்கதான் சார். ஞாயித்துக்கிழமை எங்களுக்கு இலவசமா ஃபுட்பால் சொல்லித்தர்றீங்களே, அங்கதான்.”

கைப்பேசி அலறியது. முதலாளி.

“தூண்டிவிட்டது யாருன்னு தெரிஞ்சுதா? இப்பவே சீட்டைக் கிழிக்கறேன்!”

பெண்கள் அத்தனை பேரும் மேலாளர் வாயையே பார்த்தார்கள்.



“தெரிஞ்சுது சார்... நான்தான்.”