எனக்கு மட்டும் வழுக்கட்டும்

வாளும் வாளும் மோதுகிற சத்தம் அது. உண்மையில் வாள் இல்லை. ஒலிப்பதிவு அறையில் இரண்டு இரும்புக் கரண்டிகளை உரசி எடுத்தது. எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த அலுவலகத்தில் நாள் முழுக்க அதுதான் கேட்கும்.

கோட்டை, குதிரை, கவசம் போட்ட வீரர்கள் என்று பழங்காலச் சண்டையைக் கணினி விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தோம். விளையாடுகிறவர்கள் 'இதைச் சேருங்கள், அதை மாற்றுங்கள்' என்று எழுதிப்போடுவார்கள். படித்துப் பதில் போடுவது என் வேலை.

"அக்கா, இன்னிக்கு என்ன கேக்கறாங்க?" என்றார் புரோகிராமர், கையில் டீயோடு.

"ஒருத்தர் யானை கேக்கறார். இன்னொருத்தருக்கு நம்ம குதிரை கனைக்கறது பிடிக்கலையாம்."

"நம்ம ஓட்டைக் கேடயம்?"

அதற்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். 'ஓட்டைக் கேடயம்' என்பது ஒருவர் விளையாட்டில் தனக்கு வைத்துக்கொண்ட பெயர். வாரம் தவறாமல் எழுதுவார்.

வாசித்தேன். "'மழை பெய்த களத்தில் சேறு வழுக்க வேண்டும். சண்டை நடுவில் வீரனின் கால் சறுக்க வேண்டும். எதிராளிக்கு வேண்டாம். எனக்கு மட்டும் வழுக்கட்டும்.'"

சிரிப்பில் டீ சிந்தியது.

"போன வாரம் வெயில் கண்ணைக் கூசணும்னார். அதுக்கு முன்னாடி வாள் பாதியில முறியணும்னார். எல்லாம் அவருக்கு மட்டும்! எங்கேருந்துதான் வராங்களோ!"

அந்த வாரமே அவர் மேல் ஒரு புகார் வந்தது. புகார்ப் படிவத்தில் வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். 'வேண்டுமென்றே தோற்கிறார்' என்ற கட்டத்தில் யாரோ டிக் அடித்திருந்தார்கள். அதற்குக் கீழே பெயரும் விவரமும் எழுத ஓர் இடம் உண்டு. தனியாகத் திறந்தால்தான் தெரியும். நாங்கள் திறப்பதே இல்லை. பெரும்பாலும் வசவுதான் இருக்கும்.

புரோகிராமர் பழைய ஆட்டங்களை எடுத்துப் பார்த்தார். "சார், இவர் மத்தவங்களை அடிச்சு நொறுக்கறார். 'குட்டிச் சிங்கம்'னு ஒரு ஆள்கிட்ட மட்டும் நூத்தி எண்பது தடவை தோத்திருக்கார்."

"கூட்டுக் களவாணிங்க," என்றார் மேனேஜர். "அந்தச் சிங்கத்தை ஜெயிச்சவங்க பட்டியல்ல மேல ஏத்திவிட இவன் ஏணியா நிக்கறான். ஒரு மாசம் உள்ளே விடாதீங்க. அக்கா, கடிதம் கொஞ்சம் காரமாவே இருக்கட்டும்."

காரமாகவே எழுதினேன். 'நேர்மையாக விளையாடுகிறவர்களுக்கே இங்கே இடம்' என்று முடித்தேன். அந்த வரி எனக்கே பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் அவரே நேரில் வந்து நின்றார். நாற்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் மாவு.

"ரொட்டிக் கடையில ராத்திரி வேலைங்க. ஒரு மாசம்னு போட்டிருக்கீங்க. கொஞ்சம் குறைக்க முடியுமா?"

"வேணும்னே தோத்தீங்களா, இல்லையா?" என்றார் மேனேஜர்.

"தோத்தேன்."

புரோகிராமர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"குட்டிச் சிங்கம் என் தங்கச்சிங்க. எட்டு மாசமா வெளியூர் ஆஸ்பத்திரியில இருக்கா. ரத்தத்துல நோய். நம்ம மூச்சு பட்டாலே ஆகாதுன்னு யாரையும் உள்ளே விடறதில்லை. உங்க களத்துலதான் நாங்க பார்த்துக்கறோம். என்னை வெட்டிச் சாய்ச்சுட்டா அன்னிக்கு ரெண்டு வாய் கூடச் சாப்பிடறா."



"முதல்ல சும்மா நின்னாலே போதும். இப்பக் கண்டுபிடிச்சிடறா. 'நடிக்காதேண்ணா'ன்னு வாளைத் தூக்கிப் போட்டுடறா. அதான் கால் வழுக்கினா நல்லாருக்கும்னு கேட்டேன். வெயில் கூசினாலும் சரி. நான் தோக்கறதுக்கு ஒரு காரணம் வேணும்ல?"

"ராத்திரி வேலைன்னா எப்பத்தான் தூங்குவீங்க?" என்று கேட்டேன்.

"பகல்லதானேம்மா அவ முழிச்சிருக்கா," என்றார்.

மேனேஜர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். பிறகு மூடினார். "தடையை எடுத்துடுங்க. இப்பவே."

வாசல்வரை போன ரொட்டிக்காரர் திரும்பிவந்தார். "என்மேல புகார் கொடுத்தது யாருன்னு..."

"அதைச் சொல்லக்கூடாதுங்க," என்றேன்.

"போகட்டும். யாரோ வயித்தெரிச்சல் பிடிச்சவங்க," என்று சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

புரோகிராமர் அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலத்துக்குள் சேற்றை வழுக்க வைத்துவிட்டார், அந்த ஒருவருக்கு மட்டும்.

யாருக்கு அப்படி என்ன வயிற்றெரிச்சல் என்று பார்க்க, புகாரின் அடிப்பகுதியை நான் திறந்தேன்.

'இவர் என் அண்ணன். என்னோடு விளையாடுவதற்காக மாதக்கணக்கில் தூங்காமல் இருக்கிறார். போன வாரம் ரொட்டி அடுப்பின் முன்னால் நின்றபடியே தூங்கி உள்ளே சாயப் போனாராம். பக்கத்தில் இருந்தவர் பிடித்து இழுத்தாராம். அம்மா சொன்னாள். நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் வெளியே தள்ளினால் தூங்குவார். ஒரு மாதம் போதும். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.'

தடையை நான் மறுபடி போடவில்லை. குட்டிச் சிங்கம் அதற்குப் பிறகு ஒன்பது நாள் உயிரோடு இருந்தாள்.