உள்ளங்கையில் கோபுரம்

காலையிலிருந்து "சீக்கிரம், சீக்கிரம்" என்று எங்களை விரட்டிய டூர் வழிகாட்டி, அந்தப் பழங்காலக் கோபுரத்தின் எதிரே தரையில் இருந்த சுண்ணாம்பு வட்டத்தைக் காட்டினார். அதில் நின்று கையை நீட்டினால், கோபுரத்தையே உள்ளங்கையில் தாங்குவதுபோல் போட்டோவில் விழுமாம். என் மனைவி தமயந்தி என்னை அங்கே நிறுத்திவிட்டுச் செல்போனோடு தள்ளிப் போனாள்.

"கொஞ்சம் மேலங்க. ஐயோ, அவ்வளவு இல்ல. சிரிச்சாத்தான் என்ன?"

வெயிலில் மண்டை காய்ந்தது. கை மரத்துப்போனது.

"இன்னுமா எடுக்கல?"

"கோபுரம் கோணலா வருதுங்க."

"நீயும் உன் போட்டோவும்!" என்று கையை வெடுக்கென்று இறக்கினேன்.

கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் படபடவென்று கிளம்பின. உச்சியிலிருந்து காரைத்துண்டு ஒன்று விழுந்தது.

வழிகாட்டி அருகில் வந்து, அன்று முதன்முறையாக மெல்லப் பேசினார். "சார், கையை மறுபடி மேல கொண்டுபோங்க. அவசரமில்ல, மெதுவா."