ஐந்தே ஐந்து சொல்

"மனுச குலத்தையே அஞ்சு சொல்லுக்குள்ள அடக்கிட்டேன் அண்ணே!" என்று முழங்கினான் தனேஷ்.

"கொஞ்சம் தள்ளி நின்னு அடக்குங்க தம்பி, ரொட்டி சானாய் தட்டு போகணும்," என்றார் ஹாசிம்.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவருடைய சாப்பாட்டுக் கடை. வாசலில், கல்லாவை மறைத்தபடி தனேஷின் வரவேற்பு மெஷின் நின்றது. ஹாசிமுக்குப் பிடித்துப் போனால் கிள்ளானில் உள்ள அவருடைய நான்கு கடைகளுக்கும் ஆர்டர். இல்லையென்றால் கம்பெனிக்கு மூடுவிழா. கம்பெனி என்பது தனேஷும், அவனிடம் வேலை செய்யும் மலர்விழியும்தான்.

"அண்ணே, அக்கா, அங்கிள், ஆன்டி, பாஸ். ஆறாவது சொல் உள்ள நுழையவே முடியாது. இதுக்குப் பேரு ஈனம்."

"கடையில அந்த மாதிரி பேச்சு வேணாம் தம்பி."

"ஐயோ, இது கம்ப்யூட்டர் ஈனம் அண்ணே! இங்கிலீஷ்ல enum, இத்தனை சொல்தான்னு பூட்டி வெச்ச பட்டியல். ஒவ்வொரு சொல்லுக்கும் அதோட வேலை தெரியும். 'கூப்பிடு'ன்னு ஒரு மெத்தட், அதான் குட்டி புரோகிராம், எழுதியிருக்கேன். அண்ணே ஒரு மாதிரி கூப்பிடும், ஆன்டி வேற மாதிரி. கேமரா ஆளப் பார்க்கும், மெத்தட் பேசும்."

ஒரு லோரி டிரைவர் உள்ளே வந்தார்.

"வாங்கண்ணே! தே தாரிக் கொறைச்ச சீனிதானே?" மெஷின் பக்கமிருந்து கணீரென்று குரல்.

தனேஷ் மார்பை நிமிர்த்தினான். அடுத்து, கையில் பூக்கூடையோடு ஓர் அம்மாள்.

"ஆன்டி, ஃபேன் கீழ உட்காருங்க. முட்டி வலி எப்படி இருக்கு?"

ஹாசிம் அசந்துபோனார். "முட்டி வலி அதுக்கு எப்படித் தெரியும்?"

தனேஷுக்கும் தெரியவில்லை. "தானா கத்துக்கும் அண்ணே," என்றான் கம்பீரமாக.

ஹாசிம் ஆர்டர் தாளில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். "ஒரே குறை. ஆன்டின்னா சில பேருக்குக் கோபம் வருது. அக்கான்னு மாத்திடுங்க."

"ஒரு வரி வேலை! மலர், மாத்தும்மா."

மலர்விழி லேப்டாப்பைத் திறந்தாள். மேலும் கீழும் தேடினாள். மெதுவாகப் பேசிப் பழக்கமில்லாத பெண் அவள்.

"பாஸ், கூப்பிடு மெத்தட அழகா எழுதி வெச்சிருக்கீங்க. ஆனா அத எங்கயுமே கூப்பிடலயே! அது ஒரு தடவகூட ஓடல!"

ஹாசிமின் பேனா நின்றது.

மெஷினுக்குப் பின்னால், கல்லாவிலிருந்து கேஷியர் ரிஹானா தனேஷைப் பார்த்துத் தலையை நீட்டினாள்.

"அங்கிள், இத கொஞ்சம் நகர்த்துங்க லா! காலையிலேர்ந்து எட்டி எட்டிப் பார்த்துதான் ஆளக் கூப்பிட வேண்டியிருக்கு."

அதே கணீர்க் குரல். தனேஷுக்கு வயது முப்பத்தொன்று.