பையருக்கு ஒரு டப்பா

"ஏனுங்க, புரட்டாசி விரதத்துல நம்மூட்டுல கறியா?" மோனிஷா முகத்தைச் சுளித்தாள்.

"நமக்கா புள்ள? நம்ம பனியன வாங்க வந்திருக்கற இத்தாலிக்காரப் பையருக்கு! அவுங்க ஊரு உப்புக்கறி இது; இதையும் சீஸையும் துண்டு போட்டுக் குச்சியில கோத்துக் குடு. ஆர்டர் நமக்குத்தான்," என்று பாக்கெட்டை நீட்டிவிட்டுக் குளிக்கப் போனான், பனியன் கம்பெனி நடத்தும் அவள் கணவன் தரணீதரன்.

கோத்து, டப்பாவில் அடுக்கி அவனிடம் கொடுத்தனுப்பினாள். சாயங்காலம் டப்பா காலியாகத் திரும்பியது.

"பையர் என்னங்க சொன்னாரு?"

"கறி அத்தனை ருசியாம்! நாளைக்கும் வேணும்னாரு."

"காலையில நீங்க குளிக்கறப்ப, அவரு இத்தாலியில இருந்து உங்க போன்ல கூப்பிட்டாருங்க. தீபாவளி கழிச்சுத்தான் வருவாராம்."

தரணீதரனுக்கு வேர்த்துவிட்டது. "பெருமாள் என்னைய மன்னிப்பாரா புள்ள?"

"மன்னிக்க என்னங்க இருக்குது? கறி அப்பவே நாய்க்குப் போயிருச்சு. நீங்க தின்னது உப்பும் மொளகும் போட்டு வாட்டுன பீட்ரூட்டு."